மூன்று என்ற முத்திரையும் இரண்டு புள்ளி நான்கும்

வேலையில் இருந்த முப்பத்தொரு ஆண்டுகளில் நான் ஒரு பொய்ப் புகார்கூட எழுதியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒன்று எழுதினேன். பொய் என்று தெரிந்து எழுதவில்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்பதுதான் இன்றுவரை என் கவலை.

எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் நான் படியேறாத கடை குறைவு. தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கும் குவளை, பொட்டலம் எல்லாவற்றையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை, குறைந்தால் பறிமுதல். பொட்டலச் சோதனையில் பார்ப்பது இரண்டே எண்கள்தான். மேலே அச்சிட்டிருக்கிற எடை ஒன்று, உள்ளே இருக்கிற எடை ஒன்று. ஒரு கிலோ பொட்டலத்தில் பதினைந்து கிராம் வரை குறைந்தால் விதி பொறுத்துக்கொள்ளும். பதினாறு குறைந்தால் பொறுக்காது. நானும் பொறுத்ததில்லை.

இப்போது இருப்பது ஓடைப்பட்டியில். மனைவி வழியில் வந்த திராட்சைத் தோட்டம் முக்கால் ஏக்கர். தினமும் காலை எட்டரை மணிக்கு மாடியில் இருக்கிற மழைமானியைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறேன். கொடியைக் கவாத்து வெட்டிய தேதி, பூ எடுத்த தேதி, குலை அறுத்த தேதி, மோட்டாருக்கு மின்சாரம் வந்த மணி, நின்ற மணி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. கவாத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து, போன வருடம் இதே மாதத்தில் எத்தனை நாள் தூறியது என்று கேட்பார்கள். கணினி பதினாறு வருடம் பழையது. அந்தக் கோப்பு திறக்க நான்கு நிமிடம் பத்து விநாடி ஆகும். ஐந்து முறை பார்த்து எடுத்த சராசரி இது. கேட்க வந்தவர் அதற்குள் டீயைக் குடித்துவிட்டு, "நீங்க பாத்துச் சொல்லிவிடுங்க" என்று எழுந்து போய்விடுவார்.

கணினியின் மூளையான பிராசஸரை மட்டும் மாற்றினால் வேகம் கூடும் என்று படித்தேன். என்னுடையது இரண்டு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ். அதே வடிவத்தில் மூன்று கிகாஹெர்ட்ஸ் ஒன்று இருந்தது. பழையதன் அடியில் எழுநூற்று எழுபத்தைந்து தொடுபுள்ளிகள். புதியதிலும் அதே எழுநூற்று எழுபத்தைந்து. எண்ணிக்கை ஒத்துப்போனதால் மற்றதும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க எண்ணியே பிழைத்தவனுக்கு இப்படித்தான் தோன்றும்.

இந்த வகைப் பிராசஸர் புதிதாக வருவதில்லை. தேனியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கழித்த கணினிகளிலிருந்து எடுத்து விற்கிற கடை ஒன்று உண்டு. கடையை நடத்துவது ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு தானே எடுத்து நடத்துகிறார். சுவரில் வேத வசனக் காலண்டர், மேசையில் கணினிகளிலிருந்து பிரித்துப் போட்ட மதர்போர்டுகள் பதினொன்று. ஒரு திங்கட்கிழமை போய்க் கேட்டேன்.

"போர்டு என்னதுங்க சார்?"

"எழுநூத்தி எழுவத்தஞ்சு புள்ளிதாம்மா. எண்ணிட்டேன்."

"அது எல்லாத்துக்கும் அதான். பெட்டியக் கொண்டாங்க, போட்டு ஓட்டிப் பாத்துத் தாரேன். போர்டப் பாக்காம வேகத்துக்கு நான் சொல்லமாட்டேன்."

"பெட்டியத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் வர முடியாதும்மா. சீலையம்பட்டிக்கு இங்கிட்டே இருவத்திரெண்டு வேகத்தடை இருக்கு. எல்லாம் கழண்டுரும்."

"அதையும் எண்ணிட்டீகளா?"

"போகயிலயும் வரயிலயும்."

அவர் சிரித்துக்கொண்டே சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொடுத்தார். போர்டைப் பார்க்காமல் வேகத்துக்குச் சொல்லமாட்டேன் என்று அவர் தெளிவாகச் சொன்னார். எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. பின்னால் நான் எழுதிய புகாரில் அந்த வாக்கியம் இல்லை.

மறுநாள் நானே பெட்டியைத் திறந்து மாட்டினேன். நாற்பது நிமிடம் ஆனது. கணினி உயிர் பெற்றது. அதன் விவரம் காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். பிராசஸர் என்ற வரியில் அதன் பெயர், அதை அடுத்து 3.00. அந்த வரி அங்கே முடியவில்லை. கடைசியில் இன்னொரு எண் இருந்தது. 2.40.

முதல் எண் அதன் மேல் பொறித்தது. இரண்டாவது எண் உண்மையில் ஓடுவது. கணினியே பொட்டலச் சோதனை செய்து, அறிவித்த எடையையும் உள்ளே இருக்கிற எடையையும் ஒரே வரியில் எழுதிக் காட்டியது போல இருந்தது. கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு. நான் பார்த்த கடைகளில் இவ்வளவு துணிச்சலாக யாரும் குறைத்ததில்லை.

கோப்பைத் திறந்து நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. மூன்று கிகாஹெர்ட்ஸ் இருந்திருந்தால் மூன்று நிமிடம் மூன்று விநாடியில் திறந்திருக்க வேண்டும் என்று என் கணக்கு சொன்னது. ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் ஒன்றிரண்டு விநாடிதான் வித்தியாசம். யாரோ வேகம் குறைந்த ஒன்றின் மூடியில் மூன்று என்று பொய்யாகப் பொறித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். படிக்கல்லின் அடியைக் குடைந்துவிட்டு மேலே கள்ள முத்திரை குத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"முன்னயவிட சீக்கிரந்தான தொறக்குது?" என்றாள் மனைவி.

"முப்பத்திரெண்டு விநாடி சீக்கிரம்."

"அப்புறம் என்ன?"

"அறுவத்தேழு வரணும்."

"வரலேன்னா மழை பெய்யாமப் போயிருமா? வயசான காலத்துல யார்கூடயாச்சும் மல்லுக்கு நிக்கலேன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது."

அன்று உண்மையிலேயே சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை கடைக்குப் போனேன். நான்கு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்திருக்கலாம். வேலையில் இருந்தபோது எங்களுக்குப் பழக்கம் வேறு. ஆள் இருக்கும்போதுதான் சோதிப்போம், சாட்சி வேண்டும் என்பதற்காக. அந்தப் பழக்கம் என்னைக் காத்திருக்க விடவில்லை.

"மூணுன்னு எழுதிக் குடுத்தது ரெண்டு புள்ளி நாலுதான் இருக்கு. இது குறைவு எடைம்மா."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "போர்டோட பஸ் ஸ்பீடு கம்மியா இருக்கும் சார். பெட்டியக் கொண்டாங்க."

போர்டில் பிராசஸருக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவே தகவல் ஓடுகிற தடத்தைத்தான் அந்தத் தொழிலில் பஸ் என்கிறார்கள். அந்தப் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்கிற சில்லுக்கு சிப்செட் என்று பெயர். இது எனக்கு அப்போது அரைகுறையாகத் தெரியும். தெரிந்த அளவில் அது ஒரு சாக்காகப் பட்டது. கல் தேய்ந்துவிட்டது, தட்டில் காற்று அடிக்கிறது, மிளகு காய்ந்துவிட்டது என்று முப்பத்தொரு ஆண்டுகள் கேட்ட சாக்குகளில் இதுவும் ஒன்று.

"சாமான் குறைவுன்னா பெட்டி எதுக்கும்மா?"

நின்றிருந்தவர்களில் ஒருவர், "என்னங்க, கம்ப்யூட்டர்லயும் எடை குறையுதா?" என்றார். இன்னொருவர் சிரித்தார். மூன்றாமவர் கையில் வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கை மெதுவாக மேசையில் வைத்தார். நான்காமவர் அருகில் இருந்தவரிடம், "சனிக்கிழமை சங்கத்துல பள்ளிக்கூட வேலைய இந்த அக்காவுக்குத்தான் குடுக்கப் போறாகன்னு சொன்னாக" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அம்மாள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துருங்க சார். வாங்குன காசத் தந்துர்றேன்" என்றார்.

அந்த ஒரு சொல்தான் என்னை முழுக்கத் தவறான பக்கம் தள்ளியது. என் அனுபவத்தில் நேர்மையான கடைக்காரர் சண்டை போடுவார். கல்லை எடுத்துக் காட்டுவார், அப்பன் பாட்டன் பேரைச் சொல்வார். குற்றவாளிதான் உடனே திருப்பித் தருகிறேன் என்பார். அம்மாள் நான்கு பேர் முன்னால் ஒரு கிழவனோடு வாக்குவாதம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். நான் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

சங்கத்து விவரத்தைத் தேனியிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒன்பதின் கணினிகளைப் பராமரிக்க ஒரு கடையைக் கடைக்காரர்கள் சங்கம் பரிந்துரைக்க வேண்டும். கூட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அன்றே தபால் நிலையத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கப் புகார் எழுதினேன். அறிவித்த அளவு, கண்டறிந்த அளவு, குறைபாட்டின் விழுக்காடு. இப்படிப்பட்ட கடையிடம் பிள்ளைகளின் கணினிகளை ஒப்படைக்கலாமா என்று கடைசியில் ஒரு கேள்வி. கையெழுத்துக்குக் கீழே, முத்திரை ஆய்வாளர், ஓய்வு. ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிட்டு, ஒரு கடமை முடிந்தது போல ஊர் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை சோதனை அறிக்கையின் நகலை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் அறிக்கையில் ஒரு பத்தி உண்டு. சோதனைக்குப் பயன்படுத்திய கருவியின் நிலை. குறைவு என்று சொல்கிறவன் தன் தராசு சரி என்று முதலில் எழுத வேண்டும். இங்கே என் தராசு எது? அந்தப் போர்டுதான். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. வேலையில் இருந்தபோது என் கீழ் இருந்தவர் இப்படி ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் முகத்தில் வீசியிருப்பேன்.

அலமாரியில் போர்டோடு வந்த சிறு புத்தகம் இருந்தது. தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சிப்செட் தாங்கும் பஸ் வேகம், அதிகபட்சம் 1066. பிராசஸரின் மூடியில் இருந்த எழுத்துகளை மாட்டுவதற்கு முன் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். மூன்று கிகாஹெர்ட்ஸ், பக்கத்திலேயே 1333. அந்த ஆயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்றை வரிசை எண் என்று நினைத்திருந்தேன்.

மூன்றை 1333 ஆல் வகுத்து 1066 ஆல் பெருக்கினேன். இரண்டு புள்ளி நான்கு.

மறுபடி போட்டேன். இரண்டு புள்ளி நான்குதான்.

மேலும் படித்ததில் விஷயம் இதுதான். பிராசஸருக்குச் சொந்தமாக ஒரு வேகம் கிடையாது. போர்டு ஒரு துடிப்பைத் தருகிறது. பிராசஸர் அதைத் தனக்கு விதித்த மடங்கால் பெருக்கிக்கொள்கிறது. இதற்கு விதித்த மடங்கு ஒன்பது. போர்டு 333 கொடுத்தால் ஒன்பது மடங்கு 2997, அதுதான் மூடியில் எழுதிய மூன்று. என் போர்டு கொடுக்க முடிந்தது 266. ஒன்பது மடங்கு 2394. திரையில் தெரிந்தது அது. ஒரு துடிப்புக்கு நான்கு முறை தகவல் மாறுவதால் 333 என்பதை 1333 என்றும், 266 என்பதை 1066 என்றும் எழுதுகிறார்கள்.

இது எனக்குப் புதிய விஷயமே இல்லை. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு இப்படித்தான் வேலை செய்யும். உள்ளே நெம்புகோல் ஒன்றுக்கு நூறு. இந்தப் பக்கம் நூறு கிராம் கல்லைத் தொங்கவிட்டால் மேடையில் பத்துக் கிலோ நிற்கும். கல் எண்பது கிராம்தான் இருந்தால் எட்டுக் கிலோதான் நிற்கும். நெம்புகோலைக் குறை சொல்ல முடியாது. நெம்புகோல் சரி, கல்லைப் பார் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். குறைந்த கல் என் வீட்டுப் பெட்டிக்குள் பதினாறு வருடமாக இருந்திருக்கிறது. நான் நெம்புகோல் விற்ற பெண்ணின் மேல் புகார் எழுதியிருக்கிறேன்.

"என்ன ஒரு மாதிரி இருக்கீக?" என்றாள் மனைவி.

"அந்தம்மா மேல தப்பு இல்ல."

"அதான் நான் அன்னைக்கே சொன்னேன்ல."

அவள் சொன்னது அதுவல்ல. திருத்த நேரமில்லை. பதினொன்று ஐந்துக்கு வண்டி.

சேர்ப்பிக்கும் முன்னால் தபாலைத் திரும்பக் கேட்க அனுப்பியவருக்கு உரிமை உண்டு, அதற்கு விண்ணப்பம் உண்டு என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் அந்த விண்ணப்பத்தின் வாசகத்தை மனதில் எழுதிக்கொண்டு போனேன். கோட்டூரில் வண்டி ஆறு நிமிடம் நின்றது. வீரபாண்டியில் நான்கு. தபால் நிலையத்தில் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ரசீதை வாங்கிப் பார்த்தார். "காலைலயே குடுத்தாச்சே சார். பத்தே முக்காலுக்குக் கையெழுத்தாயிருக்கு."

நான் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

சங்கச் செயலாளர் தேனியில் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர். என் வயதுதான். என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்தார்.

"வாங்க சார், வாங்க. தராசு உள்ளதான் இருக்கு. போன மாசந்தான் முத்திரை வச்சாக."

"அண்ணாச்சி, என் கடுதாசி ஒண்ணு வந்திருக்கும்."

"வந்துச்சு, படிச்சேன். கமிட்டில மூணு பேருக்குப் போன்லயும் சொல்லிட்டேன். வரவுப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. நாப்பத்தொண்ணாம் நம்பர்."

"அதத் திருப்பிக் குடுத்துருங்க. தப்பு என்னோடது."

அவர் உட்கார்ந்தார். என்னையும் ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார்.

"என் அஞ்சு கிலோ கல்லு ஞாபகம் இருக்கா சார்? அடியில இருந்த ஈயந்தான் விழுந்துபோச்சு, நானா எடுக்கல, எழுதாதீகன்னு எம்புட்டுக் கெஞ்சுனேன். பேனா பட்ட பிறகு அழிக்க எனக்கு அதிகாரம் இல்லன்னு சொன்னீக."

"சொன்னேன்."

"நான் பழி வாங்குறேன்னு நினைக்காதீக. அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்துதான் நானே பதிவேட்ட ஒழுங்கா எழுதப் பழகுனேன். பதிஞ்சது பதிஞ்சதுதான். வேணும்னா இன்னொரு கடுதாசி குடுங்க, அதையும் பதியிறேன். சனிக்கிழமை ரெண்டையும் வாசிப்போம்."

"அந்தம்மாவுக்கு இந்த வேலை கெடைக்காமப் போயிருமா?"

"இன்னொரு கடைக்காரரும் கேட்டிருக்காரு. சும்மாவே ‘பொம்பள ஒன்பது பள்ளிக்கூடத்துக்கு அலைய முடியுமா’ன்னு ரெண்டு பேரு பேசிட்டிருந்தாக. ஒங்க கடுதாசி அவுகளுக்கு அல்வா."

அங்கேயே தாள் வாங்கி எழுதினேன். இரண்டு தாள் வீணானது. ஒன்றில் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வரி விழுந்துவிட்டது, மற்றதில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். மூன்றாவதை முடிப்பதற்குள் சாக்கடை அடைப்பு பற்றி யாரோ ஒருவர் மனு கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு நாற்பத்திரண்டு. என்னுடையது நாற்பத்து மூன்று.

அங்கிருந்து அம்மாளின் கடைக்கு நடந்தேன். சந்தின் முனையில் இரண்டு முறை நின்றேன். கடையில் வேறு யாரும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"செயலாளர் போன் பண்ணாரு" என்றார், தலை நிமிராமல். சாலிடரிங் கம்பி புகைந்துகொண்டிருந்தது.

கணக்குப் போட்ட தாளை மேசையில் வைத்தேன். "போர்டு ஆயிரத்து அறுவத்தாறுதாம்மா."

"அத நான் நேத்தே சொன்னேன்."

"சொன்னீக."

"திங்கக்கிழமையும் சொன்னேன்."

"ஆமா."

கம்பியை அதன் தாங்கியில் செருகினார். "இன்னைக்குக் காலைல ஒருத்தரு, போன வாரம் வாங்குன ராம் மெமரியத் திருப்பிக் கொண்டாந்து, நிறுத்துக் குடுன்னாரு. வெளையாட்டுக்குத்தான். நானும் சிரிச்சேன். அவரு போன பிறகு கைவேல ஓடல சார். எட்டு வருசமா ஒரு சாமானையும் பாக்காமக் குடுத்ததில்ல. நீங்க ஆய்வாளர்னு கையெழுத்துப் போட்டு எழுதிட்டீக. நான் என்னன்னு போட்டு பதில் எழுத?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை, பார்வை என் தாளின் மேல் போய்விட்டது. சிறிது நேரம் படித்தார். பேனாவை எடுத்துக் கீழ்வரி ஒன்றைச் சுழித்தார்.

"இந்த மூணு நிமிசம் மூணு செகண்டு எங்கருந்து வந்துச்சு?"

"ரெண்டு புள்ளி ரெண்டுலருந்து மூணுக்குப் போனா அந்த விகிதத்துல நேரம் குறையணும்ல."

"குறையாது. பிராசஸரு கணக்குப் போட மட்டுந்தான் நேரம் எடுத்துச்சுன்னா குறையும். இதுல முக்காவாசி நேரம் அது சும்மா நிக்கிது சார். ஹார்டு டிஸ்க்கு, ராம், எல்லாத்துலருந்தும் சிப்செட்டு வழியாத்தான் ஒங்க மழைக்கணக்கு வந்து சேரணும். வர்றது மெதுவா வந்தா, இது எம்புட்டு வேகமா இருந்தாலும் காத்துக்கிட்டுத்தான் இருக்கும். இப்பக் கெடைச்ச முப்பத்திரெண்டும் பெரும்பாலும் இதுக்குள்ள இருக்கிற நினைவகம் பழசவிடப் பெருசுங்கறதாலதான். முழு மூணு ஓடியிருந்தாலும் ஒங்களுக்கு ஒரு பத்து, பன்னெண்டு செகண்டு கூடக் கெடைச்சிருக்கும். அவ்வளவுதான்."

பத்துப் பன்னிரண்டு விநாடி. கோபத்தில் இருந்தபோதும் அவர் தவறான கணக்கைத் திருத்தாமல் விடவில்லை. அப்படிப்பட்டவர் மீதுதான் நான் அளவு குறைத்தவர் என்று எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மழைமானியைப் பார்க்க மறந்தேன். அந்தக் கட்டம் இன்றும் காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை மூன்று இருபதுக்கே போய்விட்டேன். மளிகைக் கடையின் மாடியில் கூட்டம். உறுப்பினர்கள் பதின்மூன்று பேர். அம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் நாற்பத்தொன்றை வாசித்தார்கள். என் வாக்கியங்கள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. குறைபாட்டின் விழுக்காட்டை வாசிக்கும்போது இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்து நாற்பத்து மூன்று. அதில் பெருக்கலும் வகுத்தலும் இருந்தன. பாதியில் ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார்.

"ரெண்டுல எது சார் பொய்?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

"மொதல்ல எழுதுனது."

"அப்ப இத எப்படி நம்ப? அதையும் இதே பேனாவுலதான எழுதுனீக?"

சிரிப்பு எழுந்தது. "அந்தம்மா வந்து அழுதாகளாக்கும்" என்று இன்னொரு குரல்.

"அவுக அழல. என் கணக்குல இன்னொரு தப்பையும் கண்டுபிடிச்சுச் சொன்னாக" என்றேன். அந்தத் தப்பு என்ன என்று செயலாளர் கேட்டார். பிராசஸர் காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். எழுதி வைத்துப் படித்ததைவிட அது அவர்களுக்குப் புரிந்தது. ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர், "என் கடைப் பெட்டியும் அப்படித்தாம்மா நிக்கிது, வந்து பாருங்க" என்று பின்னால் திரும்பிச் சொன்னார்.

அம்மாளைப் பேசச் சொன்னார்கள். எழுந்தார். "ஒன்பது பள்ளிக்கூடத்துலயும் எந்தப் பெட்டியில என்ன போர்டுன்னு போய்ப் பாத்து எழுதிட்டேன். நூத்திப் பதினாலு பெட்டி. அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்தார்.

கைகளை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணினேன். அம்மாளுக்கு ஏழு. மற்றக் கடைக்கு நான்கு. இரண்டு பேர் கை தூக்கவில்லை. இன்னொரு முறை எண்ணுங்கள் என்று நான்தான் கேட்டேன். ஏழுதான். பரிந்துரை அவருக்கு. நான் எழுதாமல் இருந்திருந்தால் பதினொன்று இருந்திருக்குமோ, பன்னிரண்டோ.

எல்லோரும் கீழே இறங்கினார்கள். செயலாளர் காகிதங்களைக் கோப்பில் கோத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று, அதன் கீழே சாக்கடை மனு, அதன் கீழே நாற்பத்து மூன்று.

"அண்ணாச்சி, என் ரெண்டாவது கடுதாசிய மேல வச்சுக் கோத்துருங்க."

"வரிசைய மாத்த முடியாது சார்."

"சாக்கடை மனுவ மட்டுமாச்சும் கீழ தள்ளுங்க. ரெண்டும் சேந்தாப்புல இருக்கட்டும்."

"நாப்பத்தொண்ணுக்கப்புறம் நாப்பத்திமூணு வந்தா, நாப்பத்திரெண்டு எங்கன்னு கேப்பாக."

நாற்பத்தொன்றின் ஓரத்தில், நாற்பத்து மூன்றையும் பார்க்கவும் என்று நானே எழுதிக்கொள்ள அனுமதி கேட்டேன். சங்கத்துக்கு வந்த காகிதத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்றார். அது சரியான விதி. அவர் எழுதலாமே என்றேன். அடுத்த கூட்டத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றார்.

அம்மாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும்.

"விடுங்க சார்" என்றார். "கட்டி அந்தப் பரணுல போடப்போறாக. எடுத்து யாரு படிக்கப்போறா?"

நான் படித்திருக்கிறேன். ஒரு கடைக்குள் நுழைவதற்கு முன், அதன் மேல் முன்பு என்ன எழுதியிருக்கிறது என்று பரணில் கிடந்த கோப்புகளை இறக்கித் தூசி தட்டி முப்பத்தொரு ஆண்டுகள் படித்திருக்கிறேன். புகார் கிடைத்ததும் கோப்பை மூடிவிடுவேன். அதற்கு அடுத்த காகிதம் என்ன என்று திருப்பிப் பார்த்ததாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை.